இரவல் பலம்

மருமகனே,

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு உனக்குப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனி இவன் உன் பொறுப்பு" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். நீயும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கி ஆட்டத்தில் இறங்கிவிட்டாய். ஒரு சீசன்கூட முடியவில்லை, அதற்குள் "மாமா, என் கேரக்டர் ஸ்கில்லை மாத்திட்டாங்க, கேமே போச்சு" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாய். மதுரை சிம்மக்கல்லில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்த காலத்திலிருந்து இதே புலம்பலைக் கேட்டு வருகிறவன் நான். அப்போது கம்ப்யூட்டரில் ராக்னராக் ஆடிய பையன்கள் புலம்பினார்கள். டேட்டா மலிந்து, சென்டரை மூடி, சோழவந்தானில் செல்போன் சர்வீஸ் கடை போட்ட பிறகு, பேட்டரி மாற்ற வருகிற பையன்கள் புலம்புகிறார்கள். நானும் ஆடியிருக்கிறேன், ஆடுகிறவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். விரல் வித்தையை யூடியூபில் எவனாவது சொல்லித் தருவான். மற்றதை நான் சொல்கிறேன், கேள்.

1. உன் கேரக்டரின் ஸ்கில் இரவல். இதை முதல் நாளே மனதில் போட்டுக்கொள். 2020 டிசம்பரில், கால்பந்து வீரர் கிறிஸ்டியானோ ரொனால்டோவை மாதிரியாக வைத்து க்ரோனோ என்றொரு கேரக்டர் வந்தான். பட்டனை அழுத்தினால் அவனைச் சுற்றி ஒரு குமிழி எழும்பும். வெளியிலிருந்து சுடுகிறவனின் குண்டு 600 டேமேஜ் வரைக்கும் அதற்குள் நுழையாது. உள்ளே நிற்கிறவனோ தாராளமாக வெளியே சுடலாம். கேட்க வேண்டுமா! பெர்முடா மேப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குமிழிதான். 2021-இல் அப்டேட்டுக்கு அப்டேட் அதன் பல்லைப் பிடுங்கினார்கள். மறுபடி எழுப்பக் காத்திருக்க வேண்டிய கூல்டவுன் நீண்டுகொண்டே போனது. உள்ளிருந்து வெளியே சுட முடியாது என்றும் ஆக்கிவிட்டார்கள்.

அப்படி ஒரு அப்டேட் வந்த வாரம் பரவையிலிருந்து ஒரு பையன் கடைக்கு வந்திருந்தான். நல்ல கைவேகம் உள்ளவன். தன் போனை டிஸ்பிளே மாற்றக் கொடுத்துவிட்டு, கூட வந்தவனின் போனை வாங்கி பெஞ்சில் உட்கார்ந்து ஆடினான். நான் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே கவனித்தேன். வலது கட்டைவிரல் பழக்க தோஷத்தில் அந்தப் பட்டனுக்கே போகிறது. பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது; அதன் மேல் விநாடி எண் ஒவ்வொன்றாக இறங்குகிறது. எதிரி எந்தப் பக்கம் என்று தேட வேண்டிய கண், அந்த எண் எப்போது பூஜ்ஜியமாகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. நாலடி தள்ளி ஒரு சுவர் இருந்தது. அதன் பின்னால் ஒதுங்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. குமிழி இருந்தவரை அவனுக்குச் சுவர் தேவைப்பட்டதில்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று உன் பாட்டி சொல்வாளே, அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஸ்கில்லைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. அது கையில் இல்லாத நேரத்திலும் பக்கத்துச் சுவர் உன் கண்ணில் படுகிறதா என்று அடிக்கடி சோதித்துப் பார்.

2. ஆரம்பத்தில் ஆடமோடு ஆடு. ஆடம், ஈவ் இரண்டு பேரும் இலவசமாக வருகிற கேரக்டர்கள். ஒரு ஸ்கில்லும் கிடையாது. அதனால்தான் யாரும் அவர்களைச் சீந்துவதில்லை. ஆனால் ஒன்று கவனி: காலடிச் சத்தம் எந்தக் காதில் விழுகிறது என்று கேட்பது, சேஃப் சோன் சுருங்குவதற்கு முன்பே நகர்வது, சுட்டுவிட்டு அதே இடத்தில் நிற்காமல் இருப்பது, அடி விழுகிற அந்தக் கணத்தில் க்ளூ வால் என்ற தடுப்புச் சுவரைச் சரியான பக்கம் போடுவது, இவை எதற்கும் ஸ்கில் வேண்டாம். க்ளூ வால் எல்லாக் கேரக்டருக்கும் பொது. எந்த அப்டேட்டிலும் உன் காதின் பலத்தைக் குறைத்து நெர்ஃப் செய்ய முடியாது. பந்தயத்துக்குப் போகிற பையன்கள் பயிற்சியில் எல்லா ஸ்கில்லையும் கழற்றி வைத்துவிட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். நீ ஒரு மாதம் அப்படி ஆடு. தோற்பாய், நிறையத் தோற்பாய். எதனால் தோற்றாய் என்பது ஆடமிடம் ஒளிவு மறைவில்லாமல் தெரியும். மற்ற கேரக்டரில் தோற்றால் பழிபோட ஒரு ஸ்கில் இருக்கும்.

3. அப்டேட் வந்த அன்றைக்கே தீர்ப்பு எழுதாதே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போலப் பெரிய அப்டேட் வருகிறது. அன்று சாயங்காலமே "செத்துப்போச்சு", "பயங்கரம்" என்று இரண்டே இரண்டு வார்த்தையில் ஊரெல்லாம் முடிவு சொல்லிவிடும். உனக்கு ஒரு வாரம் பொறுமை வேண்டும். முதலில் மாற்றக் குறிப்பை உட்கார்ந்து படி. எவ்வளவு தருகிறது, எத்தனை விநாடி நிற்கிறது, எத்தனை மீட்டர் எட்டுகிறது, மறுபடி எப்போது கிடைக்கிறது என்று நாலையும் பழைய கணக்கோடு ஒப்பிடு. பிறகு டிரெய்னிங் கிரவுண்டுக்குப் போய்ச் சும்மா அழுத்திப் பார். அப்புறம்தான் மேட்ச்.

ஏ124 என்ற ரோபோப் பெண்ணின் கதை உனக்குத் தெரிந்திருக்காது, நீ வருவதற்கு முன்பு நடந்தது. அவளுடைய பழைய ஸ்கில், சேமிப்புச் சக்தியான ஈபியை உயிரான ஹெச்பியாக மாற்றிக்கொள்வது. காளான் தின்று ஈபியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அடிபட்டதும் சட்டென்று உயிரை ஏற்றிக்கொள்ளலாம். ஒளிந்து நின்று தேறுகிறவர்களுக்கு ஏற்ற ஸ்கில். அதை முழுசாகக் கலைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற எதிரி தன் ஸ்கில்லையே போட முடியாமல் செய்யும் மின்காந்த அலையைக் கொடுத்தார்கள். தற்காப்பு போய்த் தாக்குதல் வந்தது. பெயரும் முகமும் மட்டும் பழசு. பழைய ஏ124 பிடித்துப்போனவர்கள் எல்லாரும் அன்றைக்கே மூட்டை கட்டினார்கள். வாடிப்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் மட்டும் விடவில்லை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: எப்போது அழுத்தினாள், எதிரி எந்தக் கேரக்டர், அவன் அப்போது எதை அழுத்தப் போனான். கடையில் காத்திருந்தபோது காட்டினாள். எதிரி ஸ்கில்லை நம்பி முன்னேறி வருகிற அந்த நொடியைப் பார்த்து அழுத்தினால்தான் பலன், பயத்தில் முன்கூட்டியே அழுத்தினால் வீண் என்று அந்தப் பக்கத்தைப் படித்தாலே புரிந்தது. புதிய ஸ்கில்லுக்குப் புதிய நிதானம் வேண்டியிருந்தது. அதை ஒரே சாயங்காலத்தில் எவனாலும் சொல்லியிருக்க முடியாது.

4. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியை உன் மேல் எறிய நான் தயாராக இல்லை. இந்த ஆட்டத்தில் சில நேரம் கூடமே கோணல்தான். புதுக் கேரக்டர் வரும்போது வலுவாக வரும், எல்லாரும் வாங்குவார்கள், வாங்கி முடித்த பிறகு பலம் குறையும். இதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு வயது கடந்துவிட்டது. ஆனாலும் குறைப்பதற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. ஐம்பது பேரில் நாற்பது பேர் ஒரே கேரக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால், மற்ற கேரக்டர்கள் இருந்தும் இல்லாத மாதிரி. தோற்கிறவனுக்கும் எப்படித் தோற்றோம் என்று புரியாது, ஜெயிக்கிறவனுக்கும் ருசி இருக்காது.

கபடியைப் பார். நம் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடக்கிற பழைய ஆட்டத்தில், பாடிப் போகிறவர் கோட்டைத் தொட்டுவிட்டுச் சும்மா திரும்பி வந்து நேரத்தைக் கடத்துவது ஒரு கலையாகவே இருந்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில், இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவுட் என்று வைத்தார்கள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கிற அணி எதிராளியைப் பிடித்துப் போட்டால் ஒரு புள்ளி கூடுதல். பாடிப் போகிறவருக்கு நெருக்கடி, பிடிக்கிறவருக்குப் புது பலம். திட்டினவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த மூன்றாவது ரெய்டுக்குத்தான் டிவி முன்னால் உன் அப்பா நாற்காலி நுனிக்கு வருகிறார். ஆகவே ஒரு மாற்றம் வந்தால் இரண்டு கேள்வி கேள்: இதனால் எனக்கு என்ன போயிற்று, இதனால் ஆட்டத்துக்கு என்ன வந்தது. முதல் கேள்வியோடு நிற்கிறவன் புலம்புவான். இரண்டாவதை மட்டும் கேட்கிறவன் கம்பெனிக்காரன். நீ இரண்டையும் கேள்.

5. கோபம் வரும். வரட்டும், ஆனால் அதைச் சரியான இடத்தில் செலவழி. உலகத்தில் பெரிய பெயர் எடுத்த ஒருவருக்கு இதே கோபம் வந்த கதை உண்டு. விட்டாலிக் புட்டரின் என்பவர் சிறுவனாக இருந்தபோது, 2007 முதல் 2010 வரை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குப் பிடித்த வார்லாக் என்ற வகுப்பின் சைஃபன் லைஃப் மந்திரத்திலிருந்து டேமேஜ் தரும் பகுதியை ஒரு நாள் நீக்கிவிட்டார்கள். அழுது அழுது தூங்கிப்போனதாக அவரே எழுதியிருக்கிறார். எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்கு உறைத்ததாகவும், சீக்கிரமே அந்த ஆட்டத்தை விட்டுவிட்டதாகவும் சொல்கிறார். யாரும் தனியாக மாற்ற முடியாத எத்தீரியம் என்ற கிரிப்டோ வலைப்பின்னலை 2015-இல் தொடங்கினவர்களில் அவர்தான் முதன்மையானவர். பாதி வேடிக்கையாகச் சொன்ன கதை என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் எனக்குப் பிடித்த கதை. அழுகிறவன் எல்லாம் எத்தீரியம் செய்துவிட மாட்டான், அது வேறு விஷயம்; என் கடையில் அழுதவர்கள் பெரும்பாலும் டெம்பர்டு கிளாஸைத்தான் உடைத்தார்கள். கோபம் வந்தால் போனைக் கவிழ்த்து வை, எழுந்து கண்மாய்க் கரை வரைக்கும் நடந்துவிட்டு வா. திரும்பி வந்தும் அந்த மாற்றம் அநியாயம் என்று தோன்றினால், ஆட்டத்திலேயே கருத்துச் சொல்ல வழி இருக்கிறது. நாலு வரியில், வசவு இல்லாமல், எத்தனை மீட்டர், எத்தனை விநாடி என்று கணக்கோடு எழுது.

6. பணம். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கடுக்கும், பொறுத்துக்கொள். பிரேசில் நாட்டு டிஜே ஒருவரை மாதிரியாக வைத்து 2019-இல் வந்த அலோக் கேரக்டருக்கு விலை 599 டைமண்டாக இருந்தது. 100 டைமண்ட் 80 ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் அது ஐந்நூறு ரூபாயை ஒட்டிய செலவு. நம் வீட்டில் ஐந்நூறு ரூபாய்க்கு என்னென்ன வாங்கலாம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அத்தனை கொடுத்து வாங்கிய அலோக்கின் ஸ்கில்லையும் பின்னால் வந்த அப்டேட்டுகளில் திருத்தினார்கள். நீ வாங்கினது ஒரு பொருள் இல்லை, ஒரு அனுமதி. நாளைக்கு அதன் குணம் மாறினால் கொடுத்த காசு திரும்பாது. இப்போது காசில்லாமலே கேரக்டரைத் திறக்க வழி வைத்திருக்கிறார்கள். ஆடி ஆடித் திறந்துகொள், நேரமானால் ஆகட்டும். அம்மா போனின் யுபிஐ ரகசிய எண் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அது உனக்கு மறந்துபோகட்டும்.

இன்னொன்று. டைமண்டில் தொடங்கிய கை ரம்மியில் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது; இ-ஸ்போர்ட்ஸை வேறாகப் பிரித்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வண்டி போனது, நகை போனது. "ஜெயிச்சா டபுள்" என்று எவன் லிங்க் அனுப்பினாலும், அவன் உன் ஸ்குவாட்காரனாகவே இருந்தாலும், பதில் போடாதே.

7. ஸ்கில் மட்டுமா மாறும்? ஆட்டமே ஒரு நாள் காணாமல் போகும். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அது 2021-இல் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் மறுபடி செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது, 2023-இல் திரும்பி வந்தது. 2022 பிப்ரவரி 14 அன்று வந்த 54 செயலிகளின் தடைப் பட்டியலில் ஃப்ரீ ஃபயர் இருந்தது. நீ ஆடுகிற மேக்ஸ் அந்தப் பட்டியலில் இல்லாததால் தப்பியது. 2023 ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு கூத்து. ஃப்ரீ ஃபயர் இந்தியா என்று செப்டம்பர் 5 அன்று திரும்ப வருகிறோம், தோனிதான் விளம்பரத் தூதர், அவர் ஆட்டத்துக்குள்ளும் 'தல' என்ற பெயரில் கேரக்டராக வருகிறார் என்று அறிவித்தார்கள். நம் ஊரில் கேட்கவா வேண்டும்? "தல வர்றாரு" என்று கடைக்கு வந்து மெமரியைக் காலி செய்து கொண்டுபோன பையன்கள் உண்டு. தேதிக்கு முந்தைய நாள் தள்ளிவைத்துவிட்டார்கள். அந்தப் பையன்களின் முகத்தைப் பார்த்தபோது, இவர்கள் ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்களா, ஒரு பெயருக்காகக் காத்திருந்தார்களா என்று யோசித்தேன். கிராண்ட்மாஸ்டர் என்கிற பட்டை வந்தாலும் உன் ஐடியில்தான் இருக்கும். அந்த ஐடி வேறு யாருடைய சர்வரிலோ இருக்கிறது. பட்டை கிடைத்தால் சந்தோஷப்படு. உன்னைப் பற்றி ஒருவர் கேட்டால் முதலில் அதைச் சொல்லாதே.

8. நாக்கை அடக்கு. மைக் ஆனில் இருக்கும்போது நீ பேசுவது பக்கத்து ஊர்க்காரன் காதிலும், அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற அவன் அம்மா காதிலும் விழும். ஒரு பெண் குரல் கேட்டால் அவள் ஆட வந்திருக்கிறாள், உன்னிடம் பேச வரவில்லை. "நூப்", அதாவது கத்துக்குட்டி, என்று எவனையும் சொல்லாதே. போன மாதம் நீ அதுதான்.

9. எந்த ஸ்கில்லை எடுப்பது என்று உன் சுபாவத்தைக் கேட்டு முடிவு செய். பட்டனை அழுத்தி எழுப்புகிற ஆக்டிவ் ஒன்று, தானாக வேலை செய்கிற பாசிவ் மூன்று என்று காம்போ போட்டுக்கொள்ளலாம். எந்த யூடியூபரைக் கேட்டாலும் அவருடைய காம்போதான் உலகத்திலேயே சிறந்தது என்பார். அவர் எட்டி ஓடி ரஷ் போகிறவர். நீ அப்படியா? சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதே நீ கடைசி வரைக்கும் வைக்கோல்போருக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நிற்கிற பையன். உனக்கு வுகோங் பிடிக்கலாம். புதராக மாறி நிற்பான், சுட்டால் வேஷம் கலைந்துவிடும். சுடாமல் இருக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது உதவும்.

அலோக்கின் ஸ்கில்லில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அவனைச் சுற்றி ஐந்து மீட்டருக்கு ஒரு வட்டம் விழும். அதற்குள் நிற்கிற கூட்டாளிகளுக்கும் உயிர் ஏறும், கால் வேகமும் கூடும். இதை ஓரமாய் ஒளிந்துகொண்டு தனக்கு மட்டும் அழுத்துகிறவனும் உண்டு. அடிபட்டுக் கிடக்கிற கூட்டாளிகளின் பக்கம் ஓடிப்போய், அங்கே நின்று அழுத்துகிறவனும் உண்டு. இரண்டு பேர் கையிலும் ஒரே பட்டன். அலங்காநல்லூர்ப் பையன்களின் ஸ்குவாட் ஒன்று. நாலு பேரில் ஒருவன் சுடுவதில் சுமார்தான். வீழ்த்திய எண்ணிக்கையில் எப்போதும் கடைசி. ஆனால் அவன் வராத நாளில் அந்த ஸ்குவாட் ஆடாது. காரணம் இந்த ஐந்து மீட்டர்தான் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரிந்தது. அப்டேட்டில் அந்த ஸ்கில் தருகிற உயிரின் அளவு குறைந்தபோதும் அவன் ஓடுவதை நிறுத்தவில்லை.

10. சார்ஜில் போட்டுக்கொண்டு ஆடாதே. இது அறிவுரையா, தொழில் ரகசியமா என்று நீயே வைத்துக்கொள். அக்னி நட்சத்திர வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜரைச் செருகி மூன்று மணி நேரம் ஆடின போன்கள் வைகாசியில் என் மேஜைக்கு வரும். பேட்டரி உப்பி, பின் மூடியின் பசை ஒரு ஓரமாக விட்டு, நகம் நுழைகிற அளவுக்குத் திறந்திருக்கும். "என்னன்னு தெரியல அண்ணே, தானா ஆயிருச்சு" என்பார்கள். மலிவு விலைப் போனிலும் ஓடுகிற ஆட்டம் என்பதால்தான் ஃப்ரீ ஃபயர் நம் கிராமங்கள் வரைக்கும் வந்தது. அதற்காக அந்த மலிவுப் போனைக் கொன்றுவிடாதே. உன் உடம்புக்கும் இதே பேச்சுதான். "இன்னும் ஒரு மேட்ச்" என்பதை ராத்திரி பதினோரு மணிக்கு மேல் சொல்லாதே. தூக்கம் கெட்ட கண்ணோடு புது ஸ்கில்லை அளந்து பார்த்துவிட்டு, ஸ்கில் சரியில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்குக் கோரிப்பாளையம் பக்கம் நெட் எடுக்காது; அன்றைக்காவது போனைப் பையில் போட்டுவிட்டு சாமியைப் பார்.

11. கடைசியாக, கீழே விழுந்தவனை எழுப்பு. நாக் ஆகிக் கிடக்கிறவனை ரிவைவ் செய்யச் சில விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நீ சுடப்படலாம், ரேங்க் புள்ளி போகலாம். போனால் போகட்டும். ஒலிவியா என்றொரு நர்ஸ் கேரக்டர் உண்டு. அவள் எழுப்பினால் எழுகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் உயிர் கிடைக்கும். அவளை யாரும் எடுப்பதில்லை, மதிப்பில்லாத ஸ்கில் என்று சொல்வார்கள். ஆனால் எழுப்புவது எல்லாக் கேரக்டருக்கும் முடியும். க்ளூ வாலை முன்னால் போட்டுவிட்டுக் குனிந்தால் போதும்.

நாளைக்கோ மறுநாளோ உன் ஸ்குவாட்டில் புதிதாக ஒரு பையன் வந்து சேர்வான். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ, திரை விரிசல் விட்ட பழைய போனோடு, எந்த ஸ்கில் எப்போது மாறியது என்று ஒன்றும் தெரியாமல் வருவான். மைக்கைப் போட்டு முதலில் அவன் பேரைக் கேள், ரேங்க்கைக் கேட்காதே.